உம்மா வீட்டு மோட்டர்

என் கைபேசியில் ஒரு கோடு ஓடுகிறது. அது மேலே ஏறினால் உம்மாவின் வீட்டில் ஏதோ ஒன்று போடப்பட்டிருக்கிறது, கீழே இறங்கினால் நிறுத்தப்பட்டிருக்கிறது. படமும் இல்லை, சத்தமும் இல்லை. ஆனாலும் கத்தாரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் நின்றுகொண்டே, இலங்கையில், சாய்ந்தமருதில் உம்மா இப்போது தேநீருக்குக் கேத்தல் போட்டிருக்கிறார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும். அந்தப் பெட்டியைப் பொருத்திக் கொடுத்த என் கணவர் இதைக் கேட்டால் சிரிப்பார். அவருக்கு அது யூனிட் கணக்கு. எனக்கு அது உம்மா நன்றாக இருக்கிறார் என்ற செய்தி.

வாப்பா மௌத்தான பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது. ஜனாஸா அடக்கத்துக்கு ஓடி வந்த எங்களால் உம்மாவின் இத்தா முடியும்வரை கூடவே இருக்க முடியவில்லை. கணவனை இழந்த பெண் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய நான்கு மாதமும் பத்து நாளும் அது. என் கணவருக்கு லீவு முடிந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியது. எங்கள் ஊர்களில் வீடு மகளுக்குத்தான். கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுவான். அந்த முறைப்படி உம்மாவின் வீடு என்னுடையது, உம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியவளும் நான்தான். வீட்டுக்காரி கடலுக்கு அந்தப் பக்கம் ஏசி அறைக்குள் இருந்தாள்.

ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. உம்மாவின் தங்கைமார் மூவருக்கும் அதே ஒழுங்கையில்தான், அந்தச் சின்னச் சந்துக்குள்தான் வீடு, மதிலோடு மதில். ஒருவர் அம்மியில் அரைத்தால் மற்றவருக்குக் கேட்கும். கடைசிச் சாச்சி இரவில் உம்மாவோடு வந்து படுப்பார். உம்மா தனியாக இருக்கும் நேரம் என்று ஒன்று வரக்கூடும் என்று யாருமே யோசிக்கவில்லை.

முதலில் கணவர் கமரா பூட்டலாம் என்றார். கட்டடங்களுக்கு வயரிங் செய்யும் வேலை அவருக்கு, இதெல்லாம் கை வந்த கலை. உம்மாவிடம் நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். உம்மா முறைத்தார்.

"இத்தாவில இரிக்கிற பொம்புளட ஊட்டுக்குள்ள கண்ணக் கொண்டு வந்து வைக்கப் போறீங்களா? நான் ஊட்டு முத்தத்துக்கு வாறதுக்கே முக்காட்ட இழுத்திட்டு வாறன். நீங்க கத்தாரில இரிந்து படம் பாக்கப் போறீங்க, என்ன?"

அதோடு கமராக் கதை முடிந்தது. அதற்குப் பிறகுதான் கணவர் இந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். கையளவு பெட்டி. மெயின் போர்டுக்குள் வயரைச் சுற்றி இரண்டு வளையம் மாட்டினால், வீட்டில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று நொடிக்கு நொடி கைபேசிக்கு அனுப்பும். பில் ஏன் இப்படி ஏறுகிறது என்று பார்க்கவும் உதவும் என்றார். "இது ஒண்டையும் பாக்காது மாமி, கரண்ட மட்டும்தான் எண்ணும்," என்று, எங்கள் ஊர் மருமகன்மாரின் வழக்கப்படி கதவுக்கு இந்தப் பக்கம் நின்று உம்மாவுக்கு விளக்கினார்.

"எண்ணட்டும்," என்றார் உம்மா உள்ளே இருந்து. "ஒரு ஃபேனும் ஒரு ஃப்ரிஜ்ஜும். அதையும் எண்ணத்தான் ஒரு மிசின்."

நான் கத்தாருக்குத் திரும்பிய வாரமே அந்தக் கோட்டை வாசிக்கப் பழகிக்கொண்டேன். ஃப்ரிஜ் சின்னதாக ஏறும், சின்னதாக இறங்கும், நாள் முழுக்க அதே வேலை. கேத்தல் சுவர் மாதிரி நேராக எழும்பி, தண்ணீர் கொதித்ததும் தொப்பென்று விழும். மோட்டர் தொடங்கும்போது ஊசி முனை போல ஒரு துள்ளல், பிறகு நிறுத்தும்வரை மட்டமான ஒரே உயரம். இல்லாமல் போனதும் தெரிந்தது. ஐயன்பொக்ஸின் கோடு ஒருநாளும் வரவில்லை. வாப்பாவின் சேர்ட்டைத் தேய்க்க வேண்டிய தேவை உம்மாவுக்கு இனி இல்லை. அதைக் கண்டுபிடித்த அன்று நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் அழுதேன்.

மோட்டர் வாப்பாவின் பொறுப்பில் இருந்தது. தண்ணீர் விழும் சத்தத்தை வைத்தே கூரை மேல் இருக்கும் தண்ணீர்த் தாங்கி நிரம்பப் போகிறது என்று அவருக்குத் தெரியும், எழும்பிப் போய் நிறுத்திவிடுவார். உம்மாவுக்கு அந்தக் காது கிடையாது. மாலை அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ செய்யப் போய் மோட்டரைப் போடுவார், தொழுவார், ஓதுவார், அதை மறந்தே போய்விடுவார். தாங்கி நிரம்பி, கூரைக்கு மேலால் வழிந்து, கிணற்றடி முழுக்கத் தண்ணீர் நிற்கும். மோட்டர் கொஞ்சம் அதிகமாக ஓடினால் எனக்கு அறிவிப்பு வரும்படி கணவர் செய்து வைத்திருந்தார். அறிவிப்பு வந்த கையோடு நான் உம்மாவுக்குப் போன் எடுப்பேன்.

"உம்மா, மோட்டர்."

"ஓம் ஓம், நிப்பாட்டத்தான் போறன்."

"பொய் சொல்லாதீங்க உம்மா, இன்னும் ஓடுது."

"கத்தாரில இரிந்து மோட்டர் நிப்பாட்டுற புள்ள ஒண்டத்தான் பெத்து வச்சிரிக்கன். வையி போன."

கோடு விழும். நான் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்ப்பேன். மோட்டரை இங்கிருந்தே நிறுத்துவதற்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது என்று கணவர் சொன்னார். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. உம்மா ஒரே பேச்சில் வெட்டிவிட்டார். "என்ட ஊட்டு மோட்டர நான் நிப்பாட்டுவன். அதையும் நீங்க நிப்பாட்டினா நான் பொறகு என்னத்துக்கு இரிக்கன்?"

நான் பயந்த பிறவி. அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. சிறு வயதில் கடல் பொங்கி வந்ததைப் பார்த்த ஊர்க்காரி, அப்புறம் எந்தச் சத்தத்தையும் நம்பமாட்டாள். ஆனால் பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். எதிரே யார் அகப்பட்டாலும் கடித்துக் குதறிவிடுவேன். கோடு வழக்கத்தை விட நீளமாக மட்டமாகக் கிடந்தால், உம்மா தூங்குகிறார் என்று அறிவு சொல்லும், வயிறு கேட்காது. எடுத்து, தூக்கத்தைக் கலைத்து, ஏச்சு வாங்கிய பிறகுதான் சோறு இறங்கும்.

அந்த நாள் காலையில் உம்மாவே அழைத்தார். ஒலுவில் என்ற ஊரில் எங்கள் சொந்தத்தில் ஒரு மௌத்து. சாச்சிமார் மூவரும், அவர்களின் மக்களும் மருமக்களும், இரண்டு வேன் பிடித்துப் புறப்படுகிறார்கள். சகோதரிகளின் வீடுகள் ஒன்றாக இருப்பதில் உள்ள சிக்கலே இதுதான். ஒருவருக்குச் சொந்தம் என்றால் எல்லாருக்கும் சொந்தம். ஒழுங்கையே காலியாகிவிடும். உம்மா மட்டும் போக முடியாது. இத்தாவில் இருப்பவர் மௌத்து வீட்டுக்கும் போவதில்லை.

"சாச்சி ஒருத்தரையாவது நிக்கச் சொல்லுங்க உம்மா."

"அவ நிக்கிறன் என்டுதான் சொன்னா. நான்தான் போகச் சொன்ன. மையித்துக்குப் போறது கடமை. நான் என்ன தொட்டில்ல கிடக்கிற புள்ளயா?"

"கேட்டப் பூட்டிக்கொள்ளுங்க."

"கொளுவி போட்டிரிக்கி. நீ உன்ட வேலயப் பாரு."

நானும் வேலையைப் பார்த்தேன். நண்பகல் ளுஹரின்போது மோட்டர் ஏறி இறங்கியது. சோற்றுக் குக்கர் ஏறி இறங்கியது. தனியாக இருந்தாலும் சமைத்துச் சாப்பிடுகிறார் என்று நிம்மதியாக இருந்தது. அங்கே அஸர் ஆனபோது மோட்டரின் துள்ளல் வந்தது, மட்டக் கோடு தொடங்கியது. நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். அறிவிப்பு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது.

தொழுகிறார் என்று நினைத்தேன். மீன்களைப் புரட்டிவிட்டு, ஒரு தொழுகை முடியும் அளவுக்குப் பொறுத்திருந்து மறுபடி எடுத்தேன். பதில் இல்லை. ஓதிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். மறுபடியும் எடுத்தேன். மோட்டரின் கோடு ஒரு மயிரிழை கூட ஏறாமல் இறங்காமல் அப்படியே நின்றது. அடுப்பை அணைத்தேன். தாங்கி எப்போதோ நிரம்பியிருக்கும். கூரையிலிருந்து விழும் தண்ணீர் அரைச் செவிடருக்கும் கேட்கும். உம்மா வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தால் இந்நேரம் நிறுத்தியிருப்பார்.

பிறகுதான் வாப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த மோட்டர் பழையது. அதன் உடம்பில் கை பட்டால் சில நாள் சுள்ளென்று இருக்கும் என்று வாப்பா சொல்வார், செருப்போடு போகச் சொல்வார். உம்மா கிணற்றடிக்குச் செருப்புப் போடுவதே இல்லை. ஈரத் தரை, ஈரக் கை, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டர். செயலியில் அந்தக் கோடு பச்சை நிறத்தில் இருந்தது. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு அதுதான் நிறம்.

சாச்சிக்கு எடுத்தேன். அடித்தது, எடுக்கவில்லை. மற்றச் சாச்சிக்கு எடுத்தேன், அதுவும் அப்படித்தான். மௌத்து வீட்டில் பெண்களின் போன்கள் பைக்குள் சத்தமில்லாமல் கிடக்கும், எனக்குத் தெரியாததா. கணவருக்கு எடுத்தேன். நான் சொல்லி முடிக்க முன்னமே அவருடைய குரல் மாறிவிட்டது.

"ஆர் போனாலும் முதல்ல மெயின நிப்பாட்டச் சொல்லு. அதுக்குப் பிறகுதான் தண்ணிக்குள்ள கால் வைக்கணும். இத விளங்கச் சொல்லு."

ஒழுங்கை முனையில் கடை வைத்திருப்பவரின் நம்பர் என்னிடம் இருந்தது. உம்மாவுக்கு அரிசி, பால்மா, பலசரக்குச் சாமான் எல்லாம் அவரிடம்தான் போனில் சொல்லி அனுப்புவேன். காக்கா என்று கூப்பிடுவேன், அண்ணன் முறை. நல்ல மனிதர், தொழுகை தவறாதவர். விஷயத்தைச் சொன்னேன். "இந்தா போறன் தங்கச்சி," என்றார். நான் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது அசையவில்லை. அவரே திரும்ப எடுத்தார்.

"கேட்டடியில நிண்டு மூணு தரம் ஸலாம் சொன்னன். பதில் இல்ல. திரும்பி வந்திட்டன்."

எனக்குக் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. "திரும்பி வந்திட்டீங்களா?"

"மூணு ஸலாத்துக்கும் பதில் இல்லாட்டித் திரும்பத்தானே வேணும் தங்கச்சி. அதுவும் இத்தாவில இரிக்கிற ஊடு. உம்மா தொழுதுட்டு இரிப்பாங்க."

"மோட்டர் சத்தம் கேட்டதா காக்கா?"

"ஓம், ஓடுது. கேட்டுக்கு வெளிய வரைக்கும் தண்ணி வந்து கிடக்கு."

சாக்கடைக் கான் அடைத்துக்கொண்டதைச் சொல்வது போல அதைச் சொன்னார். அவரில் பிழை இல்லை. ஒரு வீட்டு வாசலில் நின்று மூன்று தடவை ஸலாம் சொல்லி, அனுமதி வராவிட்டால் மனக்குறை இல்லாமல் திரும்ப வேண்டும் என்று ஓதல் பள்ளியில் எனக்கும்தான் சொல்லித் தந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால், உம்மாவின் இத்தாவை இப்படி மதிக்கிறாரே என்று நானே அவரைப் புகழ்ந்திருப்பேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது வேறு.

"காக்கா, உம்மா அங்க மௌத்தாகிக் கிடந்தா அவ எப்படி ஸலாத்துக்குப் பதில் சொல்லுவா?"

"அல்லாஹ்வே," என்றார் மெதுவாக. "தங்கச்சி, நான் போய் என்ட பொஞ்சாதியக் கூட்டிட்டு வாறன். பொம்புள ஒராள் இரிந்தா உள்ளுக்குப் போகலாம். பைக்ல போறன், சுறுக்கா வந்திருவன்."

மெயின் விஷயத்தைக் கத்திக் கத்திச் சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியாது. அவருடைய மனைவி வீடு கடற்கரைப் பக்கம். நீங்களே உள்ளே போங்கள், இது ஆபத்து நேரம், மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்றெல்லாம் சொல்ல நினைத்தபோது லைன் துண்டாகிவிட்டது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. கோட்டைப் பார்ப்பதும், உம்மாவின் நம்பரை அழுத்துவதும், மணி ஓய்வதைக் கேட்பதும், மறுபடி கோட்டைப் பார்ப்பதுமாக இருந்தேன். அந்த வீட்டில் இப்போது சத்தம் போடுவது இரண்டே இரண்டு, ஒன்று மோட்டர், மற்றது அறைக்குள் மேசையில் கிடக்கும் போன் என்று நினைத்தேன். பிள்ளைகள் வந்து என்ன என்று கேட்டார்கள். அவர்கள் மேல் எரிந்து விழுந்து அறைக்குள் விரட்டினேன்.

அப்போது கோடு அறுந்தது.

இறங்கவில்லை, அறுந்தது. அது இருந்த இடத்தில் 'தொடர்பில் இல்லை' என்று சாம்பல் நிறத்தில் எழுத்து வந்தது. எனக்கு உயிர் வந்தது. காக்கா போய்விட்டார், மெயினை நிறுத்திவிட்டார், அதனால்தான் பெட்டியும் நின்றுவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொன்னேன். உடனே அவருக்கு எடுத்தேன்.

"போயிட்டீங்களா காக்கா? உம்மா எப்படி?"

"இல்ல தங்கச்சி, இன்னும் எங்கட ஊட்டதான் நிக்கன். பொஞ்சாதி அபாயா போடுறா. இஞ்ச கரண்ட் போயிட்டு. கச்சான் காத்துக்குத் தென்னம்பாள ஏதும் வயர்ல விழுந்திட்டு போல."

அந்த அபாயாவை நான் அன்று சபித்த மாதிரி யாரும் ஒரு துணியைச் சபித்திருக்க மாட்டார்கள். கணவர் எடுத்தார். சொன்னேன். "நல்லதாப் போச்சு," என்றார், "கரண்ட் இல்லாட்டி ஷொக் அடிக்காது, ஆரும் பயமில்லாமக் கிட்டப் போகலாம்." சரியான பேச்சுத்தான். ஆனால் எனக்கு இருந்த ஒரே கண்ணும் குருடாகிவிட்டது அவருக்கு எப்படி விளங்கும்? கெட்ட செய்தியாக இருந்தாலும் அதுவரை அந்த மட்டக் கோடு ஒரு துணையாக இருந்தது. அந்த வீட்டோடு என்னைக் கட்டியிருந்த ஒரே கயிறு அது. இப்போது சாம்பல் எழுத்து மட்டும். நான் தரையில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாம் பாதியில் நின்று பாதியில் தொடங்கியது. யா அல்லாஹ், வாப்பாவை எடுத்தாய், நான் ஒன்றும் சொல்லவில்லை. இவவையும் இப்பவே எடுத்திடாதே. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கோடு திரும்பி வந்தபோது முதலில் நான் நம்பவில்லை. பழைய உயரத்தில், மட்டமாக, மோட்டர் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் சுவிட்ச் அப்படியே இருக்கிறது, யாரும் உள்ளே போகவில்லை. இவ்வளவு நேரமும் யாருமே போகவில்லை. நான் சுவரில் தலையை முட்டுக் கொடுத்துக்கொண்டு கோட்டையே பார்த்தேன். அது விழுந்தது. இம்முறை அறுந்து போகவில்லை, ஒழுங்காக இறங்கி, ஃப்ரிஜ்ஜின் சின்ன ஏற்றத்தில் வந்து நின்றது. யாரோ ஒரு கை மோட்டர் சுவிட்சை அழுத்தியிருக்கிறது.

காக்காவுக்கு எடுத்தேன், எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். நல்ல செய்தி என்றால் ஏன் எடுக்கவில்லை? நல்ல செய்தியை யாரும் தாமதிப்பதில்லை.

பிறகு கேத்தல் ஏறியது. நேராக, சுவர் மாதிரி.

அந்த நொடியில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மௌத்து நடந்த வீட்டில் எங்கள் ஊரில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். சோறும் தேநீரும் அயல் வீடுகளில் இருந்துதான் வரும். கேத்தல் போடுகிறார்கள் என்றால் யாரோ தேநீர் குடிக்கப் போகிறார், அது உம்மாதான், உம்மா இருக்கிறார். தண்ணீர் கொதித்துக் கோடு விழுந்தது. நான் எழும்பி முகத்தைக் கழுவினேன்.

திரும்பி வந்து பார்த்தபோது கேத்தல் இரண்டாம் முறையும் ஏறிக்கொண்டிருந்தது. ஒருவர் தேநீர் குடிக்க ஒரு கேத்தல் போதும். வாப்பாவைக் குளிப்பாட்ட இளஞ்சூட்டில் தண்ணீர் வேண்டும் என்று ஆண்கள் வாசலில் நின்று கேட்டபோது, வெளியே பானை வைத்து அடுப்பு மூட்ட நேரமாகும் என்று, முதல் தண்ணீரை அதே கேத்தலில் கொதிக்க வைத்து எடுத்துக் கொடுத்தவள் நான்தான். ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டேன். அன்றைக்கு அந்தப் பெட்டி இருந்திருந்தால் கோடு இப்படித்தான் இருந்திருக்கும். ஏறி, விழுந்து, உடனே மறுபடி ஏறி.

நான் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு விலகி நின்றேன். மூன்றாவது முறை ஏறுமா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அது அதிரத் தொடங்கியபோதும் உடனே எடுக்கவில்லை. காக்காவின் நம்பர். பேசியது ஒரு பெண் குரல்.

"தங்கச்சி, உம்மா இரிக்கா."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் இரண்டாம் தடவை கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன். காக்கா கேட்டுக்கு மேலால் கை விட்டுக் கொளுவியைக் கழற்ற, அவர் உள்ளே போய்ப் பார்த்தால் உம்மா கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து கிடந்தார். கால் அசைக்க ஏலாது. கூரையிலிருந்து விழுந்த தண்ணீரில் நனைந்து, விறைத்துப் போய், பேச்சு வரவில்லை. பாலில்லாத பிளேன்ரீ போட்டு ஊட்டிவிட்டு, இன்னொரு கேத்தல் தண்ணீரைப் போத்தலில் ஊற்றித் துணி சுற்றிக் கால்மாட்டில் வைத்திருக்கிறார். காக்கா வேனுக்குச் சொல்லிவிட்டு, ஒழுங்கையில் முதுகைக் காட்டிக்கொண்டு அதைப் பார்த்து நிற்கிறார். சாச்சிமாருக்கும் சொல்லியாயிற்று, வந்துகொண்டிருக்கிறார்கள். "அழாதீங்க தங்கச்சி," என்றார். நான் அழுவது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. சத்திர சிகிச்சை முடிந்து உம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் கூட இருந்தேன். உடம்பு பாதியாகிப்போயிருந்தது, நாக்கு மட்டும் அப்படியே இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"மோட்டர்ர வயர் என்ட கைக்குப் பக்கத்திலதான் கிடந்த, மகள். இழுத்திரிந்தாக் கழண்டிரிக்கும்."

"ஏன் இழுக்கல்ல? அவ்வளவு தண்ணியும் உங்கட மேலதானே ஊத்தின."

"இழுத்தா நீ எப்படி அறியிற?"

என் கை சோற்றுக்குள் நின்றுவிட்டது.

"தொண்ட கிழியக் கூப்பிட்டன், ஒழுங்கையில ஒரு குருவி இல்ல. அந்தத் தம்பி வந்து ஸலாம் சொன்னதும் கேட்ட. பதில் சொன்னன், மோட்டர்ர சத்தத்தில அவருக்குக் கேக்கல்ல. போயிட்டாரு. அதுக்கும் நான் பயப்படல்ல. மோட்டர் ஓடுது, நீ பாத்துக்கிட்டு இரிக்காய், ஆரையாவது அனுப்புவாய் என்டு கிடந்தன்." உம்மா கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பொறகு கரண்ட் போச்சு. மோட்டர் நிண்டுட்டு. அப்பதான் பயந்த. என்ட புள்ளைக்கு இனி நான் தெரியமாட்டன் என்டு."

அதே நேரத்தில்தான் நான் இங்கே தரையில் உட்கார்ந்திருந்தேன். உம்மாவிடம் அதைச் சொல்ல முடியவில்லை. அடுத்த கவளத்தை உருட்டி வாயருகே கொண்டுபோனேன், வாங்கிக்கொண்டார்.

தாங்கி நிரம்பினால் மோட்டர் தானாக நின்றுவிடும் ஒரு சாமானைக் கணவர் வாங்கி வந்திருந்தார். கிணற்றடியில் பூட்டப் போனவரை நான்தான் தடுத்தேன். பாசியைச் சுரண்டச் சொன்னேன், பழைய மோட்டரை மாற்றச் சொன்னேன், பிடித்து நடக்கக் கம்பி போடச் சொன்னேன். அந்தச் சாமானை மட்டும் வேண்டாம் என்றேன். அது இன்னும் பெட்டி பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது.

இப்போது நான் மறுபடியும் கத்தாரில். உம்மா வோக்கரைப் பிடித்து நடக்கிறார், கடைசிச் சாச்சி பகலிலும் கூட இருக்கிறார். அஸருக்கு மோட்டர் ஏறுகிறது. தாங்கி நிரம்பும் நேரம் தாண்டியும் கோடு நிற்கிறது. உம்மா வேண்டுமென்றேதான் நிறுத்தாமல் விடுகிறார் என்று சாச்சி எனக்குச் சொல்லிவிட்டார். சுவிட்சுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். எல்லாம் தெரிந்தும், அறிவிப்பு வந்தவுடன் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுக் கைபேசியை எடுக்கிறேன். நம்பரை அழுத்துகிறேன். முதல் மணி அடிக்கிறது, இரண்டாவது மணி அடிக்கிறது.

"ஓம் மகள்," என்கிறார் உம்மா. "இரிக்கன்."

கோடு இறங்குகிறது.